வெற்றிலைச் சுண்ணாம்பை வைத்து வெள்ளிக் கிரகத்தின் காற்றைத் தெரிந்துகொள்வது எப்படி

வெள்ளிக் கிரகத்தின் காற்றில் 96.5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு, செவ்வாயில் 95 சதவீதம், வியாழன் முழுக்க ஹைட்ரஜனும் ஹீலியமும்தான் என்றெல்லாம் எங்காவது படித்திருப்பீர்கள். படித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவோம், ஏனென்றால் கார்பன் டை ஆக்சைடு கண்ணுக்குத் தெரியாத ஒன்று, 96.5 வெறும் எண், அவ்வளவுதான். ஆனால் இந்த வாயுவைக் கண்ணால் பார்க்கவும் ஆக்ஸிஜனை அளக்கவும் ஆய்வகம் வேண்டியதில்லை, பெட்டிக்கடையிலும் ஹார்டுவேர் கடையிலும் கிடைப்பதே போதும். இரண்டு ராத்திரி ஆகும். அதில் பெரும்பாலான நேரம் பொருளை அப்படியே விட்டுவைப்பதுதான் வேலை.

முதலில் வாங்க வேண்டியது

வெற்றிலைச் சுண்ணாம்பு, ஒரு பாட்டில் வினிகர், சமையல் சோடா, ஸ்டீல் வூல், நேராக உயரமாக இருக்கும் கண்ணாடி டம்ளர் மூன்று, மூடி போட்ட கண்ணாடி பாட்டில், ஸ்ட்ரா, பழைய சிடி ஒன்று, செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டி.

இதில் இரண்டு இடத்தில் கவனம் தேவை. கடையில் போய்ச் சுண்ணாம்பு கேட்டால், "வெத்தலைக்கா, செவுத்துக்கா கண்ணு?" என்பார்கள். வெற்றிலைக்கு என்று சொல்லுங்கள், அதிலும் ரோஸ் கலர் வேண்டாம், வெள்ளைதான் வேண்டும். அடுத்தது ஸ்டீல் வூல். பாத்திரம் தேய்க்கிற பளபளப்பான சுருள் கம்பி இதற்கு ஆகாது, அது துருப்பிடிக்காத எஃகு, எத்தனை நாள் வைத்தாலும் அப்படியே இருக்கும். மரச்சாமானைப் பளபளப்பாக்கப் பாலிஷ் போடுகிறவர்கள் வாங்குவார்களே, தொட்டால் விரலில் கருப்பு ஒட்டுகிற மெல்லிய இரும்பு நார், அதுதான்.

படி 1: சுண்ணாம்புத் தெளிநீர்

கண்ணாடி பாட்டிலில் தண்ணீர் நிரப்பி ஒரு டீஸ்பூன் சுண்ணாம்பைப் போட்டு, மூடி, நன்றாகக் குலுக்கி, ஒரு ராத்திரி ஆடாமல் வைத்துவிடுங்கள். காலையில் அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கும், மேலே தண்ணீர் கண்ணாடி போலத் தெளிந்திருக்கும். மேல் தண்ணீரை மட்டும் கலக்காமல் இறுத்து இன்னொரு பாத்திரத்தில் ஊற்றிக்கொள்ளுங்கள். லேசாகக் கலங்கினால் பழைய வேட்டித் துணியை நாலாக மடித்து வடிகட்டலாம். சுண்ணாம்பு தண்ணீரில் கரைவது மிகவும் குறைவு, லிட்டருக்கு இரண்டு கிராம்கூடக் கரையாது, அதனால் இன்னும் ரெண்டு ஸ்பூன் அதிகம் போட்டால் சீக்கிரம் ஆகும் என்று நினைக்க வேண்டாம். கண்ணில் படக்கூடாது, குடிக்கக்கூடாது. குழந்தைகள் செய்தால் பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும்.

படி 2: ஸ்டீல் வூலைப் பூட்டி வைப்பது

இதையும் அதே ராத்திரி தொடங்கிவிடலாம். ஸ்டீல் வூலை வினிகரில் சில நிமிடம் ஊறவைத்து உதறுங்கள், அதன் மேல் இருக்கும் எண்ணெய்ப் பூச்சு போக வேண்டும். பிறகு பிரித்துவிட்டு, டம்ளரின் அடியில் கவிழ்த்தாலும் விழாத அளவுக்குச் செருகுங்கள். திணிக்க வேண்டாம், காற்று உள்ளே புகுந்து வர இடம் வேண்டும். ஒரு தட்டில் இரண்டு விரற்கடை தண்ணீர் ஊற்றி அதில் டம்ளரைக் கவிழ்த்து, வெளிப்பக்கம் தண்ணீர் மட்டத்தில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு போட்டு, அதற்கு மேலிருக்கும் உயரத்தை ஐந்து சம பங்காகப் பிரித்துக் கோடு போடுங்கள். ஒன்றிரண்டு நாள் யாரும் தொடக்கூடாது. வெயில் காலமாக இருந்தால் தட்டில் தண்ணீர் வற்றாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: பாலாக்குவது, மறுபடி தெளிய வைப்பது

தெளிநீரை இரண்டு டம்ளரில் கால் கால் பங்கு ஊற்றுங்கள். ஒன்றில் ஸ்ட்ராவை விட்டு ஊதுங்கள், உறிஞ்சிவிடக் கூடாது. சிறிது நேரத்திலேயே தண்ணீர் வெளுக்கும். நாம் விடும் மூச்சில் கார்பன் டை ஆக்சைடு ஏறக்குறைய 4 சதவீதம், அதுதான் சுண்ணாம்போடு சேர்ந்து கால்சியம் கார்பனேட் தூளாக மாறுகிறது. வெளுத்ததும் நிறுத்திவிடாதீர்கள், விடாமல் ஊதினால் சில நிமிடத்தில் தண்ணீர் மறுபடி தெளியத் தொடங்கும். அதிகப்படி கார்பன் டை ஆக்சைடு அந்தத் தூளைக் கரைத்துவிடுகிறது. அவிநாசி, பல்லடம் பக்கம் போர் தண்ணீர் எடுக்கிறவர்களுக்கு இதன் மறுபாதி நன்றாகத் தெரியும்: கரைந்திருந்தது சூட்டில் வெளியே வந்து ஹீட்டர் கம்பியில் வெள்ளையாகப் பிடித்துக்கொள்கிறதே, அது இதே சமாசாரம்தான்.

இரண்டாவது டம்ளருக்கு ஒரு ஜக்கில் ஒரு டீஸ்பூன் சமையல் சோடா போட்டு அரை டம்ளர் வினிகரை ஊற்றுங்கள். பொங்கி அடங்கும்போது ஒரு லிட்டருக்குப் பக்கமாகக் கார்பன் டை ஆக்சைடு வந்திருக்கும். அது காற்றைவிட எடை கூடியது, ஜக்குக்குள்ளேயே கிடக்கும். ஜக்கைச் சாய்த்து, உள்ளே இருக்கும் திரவம் வராமல் வாயுவை மட்டும் தெளிநீர் டம்ளருக்குள் ஊற்றுங்கள். ஊற்றுவது ஒன்றும் தெரியாது. டம்ளரை உள்ளங்கையால் மூடிக் குலுக்கினால் தண்ணீர் பாலாகிவிடும், கையைக் கழுவிக்கொள்ளுங்கள். ஜக்கில் மிச்சமிருப்பதை எரியும் அகல் விளக்கின் மேல் ஊற்றினால் விளக்கு அணையும்.

எனக்கு இதையெல்லாம்விடப் பிடித்தது மூன்றாவது ஒன்று, அதற்கு எதுவும் செய்யவே வேண்டாம். மிச்சத் தெளிநீரை ஒரு கிண்ணத்தில் ஊற்றித் திறந்து வைத்துவிடுங்கள். மறுநாள் மேலே மெல்லிய ஒரு ஏடு படிந்திருக்கும், காய்ச்சிய பால் ஆறினால் ஆடை கட்டுமே அந்த மாதிரி, ஆனால் விரலால் தொட்டால் மொறுமொறுவென்று சில்லுச் சில்லாக உடையும். நம்மைச் சுற்றியிருக்கும் காற்றில் கார்பன் டை ஆக்சைடு 0.04 சதவீதத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். 1958ல் ஹவாய் தீவின் மௌனா லோவாவில் தொடர்ந்து அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சத்தில் 315 பங்கு இருந்தது, இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. அந்தத் துளியூண்டுதான் கிண்ணத்தில் கல்லாக உட்கார்ந்திருக்கிறது.

கொஞ்சம் மதுக்கரை வரை போய் வரலாம்

கோயம்புத்தூரிலிருந்து பாலக்காடு போகிற வழியில் மதுக்கரை வரும். சிமெண்ட் ஆலை, சுண்ணாம்புக்கல் குவாரி எல்லாம் அங்கே உண்டு. சங்ககிரிப் பக்கமும் இதே கல் இருக்கிறது. உங்கள் டம்ளரில் வெளுத்த தூளும் அந்தக் கல்லும் ஒரே பொருள், கால்சியம் கார்பனேட். சுத்தமான சுண்ணாம்புக்கல் 100 கிலோ எடுத்தால் அதில் 44 கிலோ கார்பன் டை ஆக்சைடுதான். இன்னும் கிட்டத்தில் பார்க்க வேண்டுமானால், கைக்குள் அடங்குகிற 100 கிராம் கல்லில் பூட்டியிருக்கும் வாயுவை வெளியே விட்டால் 24 லிட்டர் வரும், நம் வீட்டுத் தண்ணீர் கேனே 20 லிட்டர்தான். காளவாயில் சுண்ணாம்புக்கல்லைச் சுடுவது இந்த வாயுவை விரட்டத்தான். சுட்ட கல்லைத் தண்ணீர் விட்டுத் தாளித்துப் பொங்கலுக்குச் சுவருக்கு வெள்ளையடித்தால், காய்ந்த பிறகு சுவர் காற்றிலிருந்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப இழுத்து மறுபடி கல்லாகிறது.

இப்போது வெள்ளிக்கு வருவோம். பூமியும் வெள்ளியும் ஏறக்குறைய ஒரே அளவு கிரகங்கள். பூமியில் இருக்கும் சுண்ணாம்புக்கல் வகைப் பாறைகள் அத்தனையையும் காளவாயில் போட்டுச் சுட்டால் வெளிவரும் கார்பன் டை ஆக்சைடு, வெள்ளியின் காற்றில் இருப்பதோடு ஒப்பிடக்கூடிய அளவுக்கு இருக்கும் என்பதுதான் விஞ்ஞானிகளின் கணக்கு. அதாவது அங்கே இருக்கும் வாயு இங்கேயும் இருக்கிறது, பாறைக்குள் இருக்கிறது. பூட்டியது தண்ணீர். மழை கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு பாறையை அரித்துக் கால்சியத்தைக் கடலுக்குக் கொண்டுபோகும், அங்கே ஓடு கட்டுகிற உயிர்கள் இரண்டையும் சேர்த்துச் சுண்ணாம்பாக்கி அடியில் சேர்த்துவிடும். வெள்ளியில் தண்ணீர் நிற்காமல் போனது, பூட்டுவதற்கு ஆளில்லை. அதனால்தான் அங்கே தரையில் காற்றழுத்தம் நம்முடையதைப் போல 90 மடங்குக்கு மேல், வெப்பம் 460 டிகிரிக்குப் பக்கம். 1970ல் சோவியத்தின் வெனேரா 7 விண்கலம் அங்கே இறங்கித் தரையிலிருந்து 23 நிமிடம் தகவல் அனுப்பியதே பெரிய காரியம்.

அழுத்தம் என்றால் என்னவென்று உடம்புக்குப் புரிய வேண்டுமானால் பொள்ளாச்சியில் ஒரு நேந்திரம் சிப்ஸ் பாக்கெட் வாங்கி, பிரிக்காமல் ஆழியாறு வழியாக 40 கொண்டை ஊசி வளைவும் ஏறி வால்பாறை போங்கள். பாக்கெட் உப்பிவிடும். அழுத்தம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு மட்டும் குறைந்ததற்கே இந்த உப்பல். செவ்வாயில் இருப்பதே நம் அழுத்தத்தில் நூறில் ஒரு பங்குக்கும் கீழே. பாக்கெட்டைக் குப்பையில் போடாமல் கீழே எடுத்து வந்துவிடுங்கள், அது புலிகள் காப்பகம்.

படி 4: டம்ளருக்குள் எவ்வளவு ஏறியது

ஒன்றிரண்டு நாளில் ஸ்டீல் வூல் செம்பழுப்பாகியிருக்கும், டம்ளருக்குள் தண்ணீர் ஏறியிருக்கும். அளக்கும்போது தட்டில் தண்ணீர் ஊற்றி, உள்மட்டமும் வெளிமட்டமும் சமமாக வந்த பிறகு பாருங்கள். ஐந்தில் ஒரு கோடு அளவுக்கு ஏறியிருந்தால் சரியாக வந்திருக்கிறது. காற்றில் ஆக்ஸிஜன் 20.95 சதவீதம், அதை இரும்பு தின்றுவிட்டது. மிச்சம் இருப்பதில் நைட்ரஜன்தான் பெரும்பங்கு, மொத்தக் காற்றில் அது 78 சதவீதம், ஆர்கான் ஒரு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. ஏறவே இல்லையென்றால் எண்ணெய்ப் பூச்சு சரியாகப் போகவில்லை, வினிகரில் கூடுதல் நேரம் ஊறவைத்து மறுபடி வையுங்கள்.

எரியும் மெழுகுவத்தி மேல் டம்ளரைக் கவிழ்த்து, "பார், ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் ஏறியது, ஆக்ஸிஜன் தீர்ந்தது" என்று காட்டுவார்களே, அதை நம்ப வேண்டாம். அங்கே தண்ணீர் ஏறுவது பெரும்பாலும் சூடான காற்று ஆறிச் சுருங்குவதால். மெழுகுவத்தி ஒன்றுக்குப் பதில் மூன்று வைத்தால் தண்ணீர் இன்னும் மேலே ஏறும், ஆக்ஸிஜன் என்ன மூன்று மடங்கா ஆகிவிட்டது?

செவ்வாய் சிவப்பாகத் தெரிவதற்குக் காரணமும் இரும்புத் துருதான், தரை முழுக்க அந்தத் தூசி. அதன் காற்றில் ஆக்ஸிஜன் ஒரு சதவீதம்கூட இல்லை. செவ்வாயில் இறங்கிய நாசாவின் பெர்சிவரன்ஸ் ஊர்தியில் இருந்த மாக்ஸி என்ற கருவி 2021 ஏப்ரலில் அங்கத்திய கார்பன் டை ஆக்சைடைச் சூடாக்கிப் பிரித்து முதல் தடவை 5 கிராம் ஆக்ஸிஜன் எடுத்தது, 2023 வரை மொத்தம் 122 கிராம். நம் ஊரில் மரம் செடியெல்லாம் சும்மா கொடுக்கிறது. பூமியிலும் ஆரம்பத்தில் காற்றில் ஆக்ஸிஜன் கிடையாது, கடல் பாசிகள் விட்டதையெல்லாம் கடலில் கரைந்திருந்த இரும்பு தின்று வரிவரியாகப் படிந்தது. சேலம் கஞ்சமலையில் காந்தத்தில் ஒட்டுகிற இரும்புக்கல் கிடைக்கிறதே, அது அந்தப் பழங்கால வரிப்பாறைக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

படி 5: போகாமலே கண்டுபிடித்தது எப்படி

செருப்புப் பெட்டியின் ஒரு பக்கத்தில் நூல் கனத்துக்கு நேராக ஒரு கீறல் போடுங்கள். எதிர்ப்பக்கத்தில் சிடியைச் சாய்வாக ஒட்டி, அதற்கு நேர் மேலே கண் வைத்துப் பார்க்க ஓட்டை போடுங்கள். கீறலை விளக்குப் பக்கம் திருப்பினால் சிடியில் நிறங்கள் விரியும். எல்இடி பல்புக்கு நிறங்கள் விட்டுப்போகாமல் ஒன்றோடொன்று கலந்து வரும். பழைய சிஎஃப்எல் இருந்தால் அதைப் பாருங்கள், பச்சை, ஊதா என்று தனித்தனிக் கோடுகளாக நிற்கும், உள்ளே இருக்கும் பாதரச ஆவியின் அடையாளம் அது. ஒவ்வொரு வாயுவுக்கும் அதற்கே உரிய கோடுகள் உண்டு. சூரியனை மட்டும் இதில் நேராகப் பார்க்கவே கூடாது.

வெள்ளியில் கார்பன் டை ஆக்சைடு இருப்பதை 1932ல் கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தில் இருந்தபடியே ஆடம்ஸ், டன்ஹாம் என்ற வானியலாளர்கள் இந்த வழியில்தான் கண்டுபிடித்தார்கள். 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்துக்குக் குண்டூர், மசூலிப்பட்டினம் பக்கம் முகாமிட்டவர்கள் சூரிய விளிம்பில் ஒரு மஞ்சள் கோட்டைப் பார்த்தார்கள். சோடியத்தின் கோட்டோடு அது பொருந்தவில்லை என்று ஆங்கிலேய வானியலாளர் லாக்கியர் சொல்லி, ஹீலியம் என்று பெயரும் வந்துவிட்டது. அந்த வாயு பூமியில் கைக்குக் கிடைத்தது 1895ல்தான்.

படி 6: மாடி ஏறுங்கள்

வெள்ளி ஒன்று சூரியன் மறைந்த பிறகு மேற்கே தெரியும், இல்லையென்றால் விடியும் முன் கிழக்கே. சூரியனை விட்டு 47 டிகிரிக்கு மேல் அது விலகாது, நடுராத்திரி தேடிப் பயனில்லை. கோவைக்காரர்களுக்கு மேற்கே மலை மறைப்பதால் கொஞ்சம் முன்பே மறைந்துவிடும், காங்கேயம், தாராபுரம் பக்கம் திறந்த வெளியில் கடைசி வரை பார்க்கலாம். இன்றைக்கு எது எங்கே இருக்கிறது என்பதை போனில் ஸ்டெல்லேரியம் செயலி காட்டும். பைனாகுலர் இருந்தால் வியாழனின் பெரிய நிலாக்கள் நான்கும் தெரியும், கையை எதிலாவது ஊன்றிக்கொள்ளுங்கள். சனியின் டைட்டன் நிலாவுக்குச் சின்னத் தொலைநோக்கி வேண்டும். 2005 ஜனவரி 14ல் ஹைகன்ஸ் கலம் இறங்கிய இடம் அது, நம்மைப் போலவே நைட்ரஜன் அதிகமுள்ள தடித்த காற்று அங்கே இருக்கிறது, கூடவே மீத்தேன்.

டம்ளரில் ஒட்டிய வெள்ளைக் கறை சோப்புக்குப் போகாது. மிச்ச வினிகரை ஊற்றினால் நுரைத்துக் கரைந்துவிடும், அந்த நுரையும் கார்பன் டை ஆக்சைடுதான். தெளிநீர் மிஞ்சினால் நிறையத் தண்ணீர் விட்டுச் சாக்கடையில் ஊற்றுங்கள், தொட்டியில் இருக்கும் செடிக்கு ஊற்ற வேண்டாம்.