கறவை ரோபோ உள்ள பண்ணையில் எத்தனை முறை கறப்பது?

1992-இல் நெதர்லாந்துப் பண்ணைகளில் அறிமுகமான கறவை ரோபோவில் மாடு தானாகவே வந்து நிற்பதால், எல்லா மாடுகளையும் ஒரே எண்ணிக்கையில் கறக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நாளுக்கு இருமுறை கறப்பதை மும்முறையாக்கினால் பால் சுமார் 10 முதல் 15 சதவீதம் வரை கூடுவது வழக்கம்; மடியில் பால் நெடுநேரம் தேங்கினால் சுரப்பு தானே மந்தமாகிவிடும் என்பதே இதற்குக் காரணம்.

ஆகவே, கன்று ஈன்ற முதல் மூன்று மாதங்களில் இருக்கும் மாட்டுக்கு ஏறத்தாழ 6 மணி நேரத்துக்கு ஒருமுறை கறவை அனுமதி கிடைக்கும்படியும், ஈத்தின் (கன்று ஈன்றது முதல் பால் வற்றும் வரையிலான காலத்தின்) கடைசிப் பகுதியில் பால் குறைந்த மாட்டுக்கு 8 முதல் 10 மணி நேர இடைவெளி இருக்கும்படியும் ரோபோவின் அமைப்பை மாற்றி வையுங்கள். இடைவெளியை இதைவிடச் சுருக்கினால் கிடைக்கும் பால் சொற்பம். காம்பின் நுனிதான் தேயும், பாலில் கொழுப்பு சிதைந்து வாடையும் தட்டலாம்.

12 மணி நேரம் கடந்தும் வராத மாடுகளின் பட்டியலைக் காலையிலும் மாலையிலும் பாருங்கள். ரோபோவில் அடர்தீவனத்தை (தவிடு, பிண்ணாக்கு போன்ற சத்துத் தீவனத்தை) கூட்டி வைத்தால் மாடு வரும் என்று பலர் நினைக்கிறார்கள். முதலில் அதன் குளம்பைப் பார்ப்பதே நல்லது, ஏனெனில் கால் வலிக்கும் மாடு தீவனத்துக்காகக்கூட நடந்து வராது.