வினோதச் செய்தி, அறிவியல் பாட்காஸ்ட் செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2016 பிப்ரவரியில் நாட்றம்பள்ளி அருகே ஒரு பொறியியல் கல்லூரி வளாகத்தில் ஏதோ வெடித்து, பேருந்து ஓட்டுநர் ஒருவர் இறந்துபோனார். விண்கல் விழுந்ததுதான் காரணம் என்று அன்றைய முதல்வர் ஜெயலலிதாவின் அறிக்கையே சொன்னது. விண்கல் தாக்கி இறந்த மனிதர் என்று வெளிநாட்டுப் பத்திரிகைகளும் எழுதின. சில நாட்களிலேயே நாசா தரப்பில், வெளியான படங்களைப் பார்த்தால் தரையில் நடந்த வெடிப்பு போலத்தான் தெரிகிறது என்றார்கள். ஆனாலும் பலர் மனதில் இன்னமும் இருப்பது விண்கல்தான்.

வினோதச் செய்திகளைப் பேசும் பாட்காஸ்ட்களில் பெரிய தவறு இங்கேதான் நடக்கிறது: முதல் நாள் செய்தியோடு நின்றுவிடுவது. இப்படிப்பட்ட செய்திக்குப் பெரும்பாலும் இரண்டாம் பாகம் ஒன்று உண்டு. ஆய்வக முடிவோ காவல்துறை விளக்கமோ, அது உள்பக்கத்தில் நாலு வரியாக வந்துவிட்டுப் போகும். ஸ்கிரிப்ட் எழுத உட்காருவதற்கு முன்பு அந்த ஊர்ப் பெயரைப் போட்டு, அடுத்த ஆறு மாதத்துச் செய்திகளைத் தேடிப் பாருங்கள். உள்ளூர்ப் பதிப்புகளையும் விடாதீர்கள்.

சரி, விடை கிடைத்துவிட்டது. அதை எபிசோடில் எங்கே வைக்கிறீர்கள்? கேரளத்தின் சிவப்பு மழையை எடுத்துக்கொள்வோம். 2001 ஜூலை முதல் செப்டம்பர் வரை கோட்டயம், இடுக்கிப் பகுதிகளில் ரத்த நிறத்தில் விட்டுவிட்டு மழை பெய்தது. திருவனந்தபுரத்தில் இருக்கும் புவி அறிவியல் ஆய்வு மையம் முதலில் விண்கல் வெடித்த தூசியாக இருக்கலாம் என்றது. பிறகு நுண்ணோக்கியில் பார்த்ததும் தன் கருத்தைத் தானே மாற்றிக்கொண்டது. டிரென்டிபோலியா என்ற பாசியின் வித்துகள்தான் நிறத்துக்குக் காரணம் என்று அந்த ஆண்டே அறிக்கையும் வந்தது. ஆனால் அவை விண்வெளியிலிருந்து வந்த உயிரணுக்களாக இருக்கலாம் என்று கோட்டயத்தின் மகாத்மா காந்தி பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் இருவர் 2006இல் கட்டுரை வெளியிட, உலகம் அதைத்தான் பிடித்துக்கொண்டது.

இதை வைத்து அரை மணி நேர எபிசோடு செய்கிறவர்கள் வேற்றுக்கிரக உயிருக்கு இருபத்தைந்து நிமிடம் கொடுத்துவிட்டு, பாசியைக் கடைசி இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிப்பார்கள். பேருந்தில் கேட்பவர் அதற்குள் இறங்கிப் போயிருப்பார். என்னைக் கேட்டால், பாசியைப் பாதியிலேயே சொல்லிவிட வேண்டும். அதற்கு அப்புறமும் பேச எவ்வளவோ இருக்கிறது: அந்தப் பாசி மேகத்துக்குள் எப்படிப் போனது, விஞ்ஞானிகள் ஏன் முதலில் விண்கல் என்றார்கள், எதைப் பார்த்து மனம் மாறினார்கள். கதையின் உண்மையான சுவாரஸ்யமே இதுதான். ‘இரு தரப்பையும் சொல்லிவிட்டோம், முடிவு உங்கள் கையில்’ என்று முடிப்பதும் நேர்மையாகாது. இரு தரப்புச் சான்றுகளும் சம எடை இல்லாதபோது அதைச் சொல்ல வேண்டியது தொகுப்பாளரின் வேலை.

‘ஒரு ஆய்வு சொல்கிறது’ என்ற வாக்கியத்தையும் தனியாக விடாதீர்கள். யார் செய்தது, எலியிலா மனிதரிலா, எத்தனை பேரிடம் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

சமூகப் பிரச்சினைக்கு வந்தால் கவனம் இன்னும் கூட வேண்டும். அமெரிக்காவின் ‘ரேடியோலேப்’ வானொலி நிகழ்ச்சி 2012இல் ‘மஞ்சள் மழை’ பற்றிப் பேசியது. லாவோஸில் ஹமாங் இன மக்கள் மீது விழுந்த மஞ்சள் துளிகள் ரசாயன ஆயுதம் என்று அமெரிக்க அரசு 1981இல் குற்றம்சாட்டியது. அவை தேனீக்களின் எச்சம் என்பது ஹார்வர்டு உயிரியலாளர் மேத்யூ மெசல்சன் குழுவின் முடிவு. அங்கிருந்து தப்பி வந்த ஹமாங் முதியவர் ஒருவரிடம், அவருடைய சகோதரரின் மகளையே மொழிபெயர்க்க வைத்து, ‘நீங்களே கண்ணால் பார்த்தீர்களா’ என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அந்தப் பெண் அழுதேவிட்டார். தொகுப்பாளர் ராபர்ட் குருல்விச் பிறகு மன்னிப்புக் கேட்டார். அந்த மக்கள் கொத்துக்கொத்தாகச் செத்தது உண்மை. அதைப் பேச வந்தவரைக் குறுக்கு விசாரணை செய்ததுதான் பிழை. உங்கள் விருந்தினர் எதைச் சொல்ல வருகிறார், நீங்கள் எதைக் கேட்கப் போகிறீர்கள் என்பதை ஒலிப்பதிவுக்கு முன்பே அவரிடம் பேசிவிடுங்கள்.

கடைசியாகத் திருத்தம். 2012 ஜனவரியில் ‘திஸ் அமெரிக்கன் லைஃப்’ என்ற அமெரிக்க வானொலி நிகழ்ச்சி, ஆப்பிள் நிறுவனத்தின் பொருள்களைத் தயாரிக்கும் சீனத் தொழிற்சாலைகளுக்குப் போய்வந்ததாக மேடைக் கலைஞர் மைக் டெய்சி சொன்ன கதையை ஒலிபரப்பியது. அங்கே தனக்கு உதவிய மொழிபெயர்ப்பாளரைத் தொடர்புகொள்ள முடியாது என்று டெய்சி சொன்னதை ஏற்றுக்கொண்டார்கள். பிறகு வேறொரு வானொலி நிகழ்ச்சிக்காகச் சீனாவில் இருந்த செய்தியாளர் அந்த மொழிபெயர்ப்பாளரைத் தேடிப் பிடித்துவிட்டார். பல காட்சிகள் நடக்கவே இல்லை என்றார் அந்தப் பெண். மார்ச்சில் முழு எபிசோடு ஒன்றையே ஒதுக்கி அந்தக் கதையைத் திரும்பப் பெற்றார்கள். நம் அளவில் அவ்வளவு முடியாமல் போகலாம். ஆனால் திருத்தத்தைக் குறிப்புப் பெட்டியில் மட்டும் போட்டுவிட்டு விடாதீர்கள். ஹெட்போனில் கேட்பவர் அதைப் படிப்பதில்லை. பழைய எபிசோடின் தொடக்கத்திலேயே உங்கள் குரலில் பதிவுசெய்து சேர்த்து, மறுபடியும் ஏற்றுங்கள்.