பெர்மியூடா முக்கோணத்தைப் பற்றி மேடையேறிப் பேசுவதற்கு முன்: மலையக மாணவருக்கு ஒரு வழிகாட்டி

பேச்சுப் போட்டிக்கோ விஞ்ஞான தினத்துக்கோ, கப்பல்களும் விமானங்களும் மர்மமாக மறைவதாகக் கதை சொல்லப்படும் அத்திலாந்திக் கடற்பகுதியான பெர்மியூடா முக்கோணத்தைத் தலைப்பாக எடுக்கும் மாணவர், யூடியூப் காணொளி ஒன்றை அப்படியே மனனம் செய்யாமல், முதலில் உலகப்படத்தில் மியாமி, பெர்மியூடா, புவேர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் ஆகிய மூன்றையும் கோட்டால் இணைத்து, கதையில் வரும் சம்பவங்களை அவை நிகழ்ந்த இடங்களில் குறித்துக்கொள்ள வேண்டும். ஆளின்றி மிதந்த மேரி செலஸ்ட் கப்பலையும் இந்தப் பட்டியலில் சேர்ப்போர் உண்டு. 1872 டிசம்பரில் அது கண்டெடுக்கப்பட்டதோ அசோரஸ் தீவுகளுக்கும் போர்த்துக்கலுக்கும் இடையில்.

அடுத்து, கதை சொல்பவர் விட்டுவிட்டவற்றைத் தேடுங்கள்: வானிலை, நேரம், எரிபொருள், சுமை. 1945 டிசம்பர் 5 பிற்பகல் புளோரிடாவிலிருந்து பயிற்சிக்குப் புறப்பட்ட அமெரிக்கக் கடற்படையின் ஐந்து அவெஞ்சர் குண்டுவீச்சு விமானங்களில் 14 பேர் இருந்தனர். திசைகாட்டிகள் பழுதாகிவிட்டன என்றும், தாம் புளோரிடாவின் தென்கோடித் தீவுகளுக்கு மேலே இருப்பதாகவும் தலைமை விமானி நம்பினார். உண்மையில் அவர்கள் பஹாமாஸ் பக்கம் இருந்ததால், கரை தேடி எடுத்த திருப்பங்களே அவர்களை ஆழ்கடலுக்குள் கொண்டுசென்றிருக்க வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்படும் விளக்கமாகும். பொழுது சாய்ந்தது, கடல் கொந்தளித்தது, எரிபொருளும் தீர்ந்தது. தேடிச் சென்ற மரைனர் விமானமும் 13 பேருடன் மறைந்தது என்பதைக் கதை தவறாமல் சொல்லும். அன்றிரவு அப்பகுதியில் சென்ற கப்பலொன்று எழும் தீப்பிழம்பைக் கண்டதைச் சொல்லாது. கடற்படை அறிக்கை முதலில் தலைமை விமானியையே பொறுப்பாக்கியது. அவருடைய தாயார் விடாது முறையிட்ட பின்னரே அது 'காரணம் தெரியவில்லை' என்று மாற்றப்பட்டது. மர்மத்துக்குச் சான்றாகக் காட்டப்படும் சொற்கள் இவ்வாறு வந்தவை என்பதை மேடையில் நிதானமாகச் சொல்வது, முழு உரையிலும் கனமான பகுதியாக அமையும் என்பது என் கருத்து.

1918 மார்ச்சில் 306 பேருடன் மறைந்த அமெரிக்கக் கடற்படையின் சைக்ளொப்ஸ் கப்பலுக்கு இரண்டு வாக்கியங்கள் போதும்: கனமான மங்கனீசுத் தாது ஏற்றியிருந்தது, இயந்திரமொன்று பழுதுபட்டிருந்தது.

மூன்றாவதாக, கதை எப்போது உருவானது என்று பாருங்கள். 'பெர்மியூடா முக்கோணம்' என்ற பெயர் பரவியது 1964இல் வெளியான ஓர் அமெரிக்கச் சஞ்சிகைக் கட்டுரையால்தான். சைக்ளொப்ஸ் மறைந்து 46 ஆண்டுகள் கழித்து.

ஒப்பிடுவதற்கு அத்திலாந்திக் வரை போக வேண்டியதில்லை. 1974 டிசம்பர் 4 இரவு, இந்தோனேசிய ஹஜ் யாத்திரிகர்களுடன் கொழும்பை நெருங்கிக்கொண்டிருந்த மார்ட்டின்எயார் டி.சி-8 விமானம் மஸ்கெலியாப் பக்கமுள்ள ஏழு கன்னியர் மலையில் மோதி, 191 பேரும் உயிரிழந்தனர். சிதைவுகள் மலையிலேயே கிடந்தன. விமானிகள் தாம் இருந்த இடத்தைத் தவறாகக் கணித்ததே காரணமென விசாரணையில் தெரிந்தது. அதே பிழை கடலுக்கு மேல் நேர்ந்திருந்தால் சிதைவு மூழ்கியிருக்கும், கதை மிதந்திருக்கும். (மேரி செலஸ்ட், அவெஞ்சர்கள், இந்த விமானம் ஆகிய மூன்றும் டிசம்பர் தொடக்கத்துக்குரியவை, விரும்பினால் 'டிசம்பர் சாபம்' ஒன்றையும் நீங்களே புனைந்து காட்டி, பட்டியல்கள் எவ்வாறு உருவாகின்றன என விளக்கலாம்.)

நடுவர் 2014இல் 239 பேருடன் காணாமற்போன மலேசிய விமானமான எம்.எச்.370 பற்றிக் கேட்டால் தடுமாற வேண்டாம். அதன் இறக்கைப் பாகமொன்று 2015இல் ரீயூனியன் தீவில் கரையொதுங்கியது என்றும், அது வீழ்ந்த காரணம் இன்னும் நிறுவப்படவில்லை என்றும் சொல்லி, அதற்கு மேல் ஊகம் எதையும் சேர்க்காமல் நிறுத்திக்கொள்ளுங்கள்.