ஊர்ப் பள்ளிக்கூடத்தின் வரலாற்றை எழுதுவது எப்படி?

நூற்றாண்டு விழா மலருக்காகத் தம் ஊர் அரசுப் பள்ளியின் வரலாற்றை எழுத முற்படுவோர் பெரும்பாலும் முகப்புப் பலகையில் உள்ள ஆண்டிலிருந்தே தொடங்குகிறார்கள். அது கட்டடம் எழுந்த ஆண்டாகவோ, அங்கீகாரம் கிடைத்த ஆண்டாகவோ, நடுநிலைப் பள்ளியாகத் தரம் உயர்ந்த ஆண்டாகவோ இருக்கக்கூடும். ஆகவே, பள்ளி எப்போது தோன்றியது என்று கேட்பதற்கு முன், எந்தக் காலத்தில் அதை யார் நடத்தினார்கள் என்று கேளுங்கள். நடத்தியவர் யார் என்று தெரிந்தால்தான் எந்த அலுவலகத்துக் கோப்பைத் தேடுவது என்பது தெரியவரும்.

இந்திய விவகாரங்களைக் கவனித்த பிரிட்டிஷ் அமைச்சர் சார்லஸ் வுட்டின் 1854ஆம் ஆண்டுக் கல்வி அறிக்கையை அடுத்து, 1855இல் சென்னை மாகாணத்தில் கல்வித் துறை அமைந்தது. ஆயினும் கிராமப் பள்ளிகளில் பெரும்பாலானவை 1884ஆம் ஆண்டின் உள்ளாட்சி மன்றச் சட்டத்துக்குப் பின் ஜில்லா போர்டு, தாலுகா போர்டு எனப்பட்ட மாவட்ட, வட்ட உள்ளாட்சி மன்றங்களின் கையிலோ, அரசு மானியம் பெற்ற கிறித்தவ மிஷன்கள், தனியார் ஆகியோரின் கையிலோ இருந்தன. 1930களில் தாலுகா போர்டுகள் கலைக்கப்பட்டபோது அவற்றின் பொறுப்புகள் ஜில்லா போர்டுகளுக்குச் சென்றன. 1958ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்தை அடுத்துத் தொடக்கப் பள்ளிகள் ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பாயின. ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் 1981 ஜூன் 1 முதல் அரசு ஊழியர்களாகிவிட்டபோதிலும், பெயர்ப் பலகையில் 'ஊராட்சி ஒன்றிய' என்ற சொல் இன்றும் நிற்கிறது. உங்கள் ஊர்ப் பள்ளி ஆதிதிராவிடர் நலப் பள்ளியாகவோ கள்ளர் சமூகத்தாருக்கென அரசு தொடங்கிய கள்ளர் சீரமைப்புப் பள்ளியாகவோ இருந்தால், அதை நடத்திவந்த துறை வேறு. கல்வித் துறைக் கோப்புகளில் மட்டும் தேடி ஏமாறாதீர்கள்.

அடுத்து, பள்ளியிலேயே உள்ள சேர்க்கைப் பதிவேடு. என் கருத்தில் இதைவிடச் சிறந்த சான்று கிடையாது. வயதுச் சான்றுக்காக நீதிமன்றம் வரை செல்லும் நிரந்தரப் பதிவேடு என்பதால், தலைமையாசிரியர் அதைக் கையில் கொடுத்தனுப்ப மாட்டார். தொடக்கப் பள்ளியானால் வட்டாரக் கல்வி அலுவலரிடம் எழுத்து மூலம் அனுமதி பெற்று, தலைமையாசிரியர் முன்னிலையில் அமர்ந்து குறிப்பெடுங்கள். சேர்க்கை எண், பெயர், பிறந்த தேதி, தந்தையின் தொழில், சாதி, சேர்ந்த வகுப்பு, விலகிய நாள் என்று பத்திகள் செல்லும். பழைய பக்கங்களில் பிறந்த நாள்கள் மே, ஜூன் மாதங்களில் குவிந்திருந்தால் வியக்க வேண்டாம். பள்ளி திறக்கும் நாளில் ஐந்து வயது நிரம்பியிருக்கும்படி ஆசிரியரே ஒரு தேதியைப் போட்டுவிடும் வழக்கம் இருந்தது. பிறந்த தேதியை விட்டுவிட்டு, மற்ற பத்திகளைப் பத்தாண்டுக்கு ஒரு முறை எண்ணிப் பாருங்கள்: முதல் பெண் எப்போது சேர்ந்தாள், எந்தத் தெருவுக்காரர்கள் எந்த ஆண்டு வரை பட்டியலிலேயே இல்லை, எந்த வகுப்போடு பிள்ளைகள் நின்றுபோனார்கள். சாதிப் பத்தியிலிருந்து எண்ணிக்கையை மட்டும் அச்சிடுங்கள். ஒருவருடைய பெயரோடு சேர்த்து வெளியிடக் கூடாது.

பதிவேட்டில் ஓர் ஏற்றமோ இறக்கமோ தெரிந்தால், அதற்குக் காரணமாக இருக்கக்கூடிய அரசு முடிவை அருகில் வைத்துப் பாருங்கள். 1920ஆம் ஆண்டின் தொடக்கக் கல்விச் சட்டம், கிராமப் பள்ளி நேரத்தைக் குறைத்து எஞ்சிய பொழுதில் பெற்றோரின் தொழிலைப் பழகச் சொன்ன ராஜாஜி அரசின் 1953ஆம் ஆண்டுத் திட்டம், எதிர்ப்பினால் 1954இல் அது கைவிடப்பட்டமை, காமராஜர் ஆட்சியில் 1956இல் தொடங்கிய மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவு ஆகியவை முதன்மையானவை. ஆனால் ஆணை பிறந்த ஆண்டும் அது உங்கள் ஊரை எட்டிய ஆண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. சோறு போட்ட முதல் நாளைப் பற்றி முதியவர்களிடம் கேளுங்கள். யார் வீட்டுப் பாத்திரத்தில் சமைத்தார்கள் என்பதுகூட நினைவிலிருக்கும். 1950களின் இறுதியில், நெ. து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்தபோது நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊரார் வழங்கிய பொருள்கள் சில, இன்றும் கிடங்கில் கிடக்கலாம். மணி, பீரோ, சுவர்க் கடிகாரம் ஆகியவற்றின் மேல் 'உபயம்' என்று பெயரும் ஆண்டும் எழுதியிருந்தால் நிழற்படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குக் கடைசியாகச் செல்லுங்கள். அங்கே பழைய அரசாணைகளை ஆண்டு, துறை, எண் என்ற வரிசையில்தான் தேட வேண்டியிருக்கும்; ஏறத்தாழவேனும் ஓர் ஆண்டு தெரியாமல் போனால் நாள்கள் வீணாகும். போர்டு பள்ளிகளைப் பற்றிய ஆணைகளைக் கல்வித் துறையில் மட்டுமன்றி உள்ளாட்சித் துறைக் கோப்புகளிலும் பாருங்கள். சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் கேட்டுப் பெற்ற கணக்கு மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்ததாகக் காட்டுகிறது. அது மாவட்டவாரியாகத் தொகுக்கப்பட்டது என்பதால், உங்கள் ஊர்த் திண்ணைப் பள்ளி அதில் அடங்கியிருந்தது என்று எழுதிவிடாதீர்கள்.

பலகையும் பதிவேடும் அரசாணையும் மூன்று வெவ்வேறு ஆண்டுகளைக் காட்டினால், மூன்றையும் தந்து, ஒவ்வொன்றும் எதன் தொடக்கம் என்பதை அதன் அருகிலேயே குறிப்பிடுங்கள்.