கூரையில் தொடங்குங்கள்: பிரிட்டனின் 86-ஆம் வகுப்பு மின்சார இன்ஜின் மாடல்

மின்சார இன்ஜின் மாடல் செய்கிறவர்களில் பெரும்பாலானோர் தங்கள் உழைப்பையெல்லாம் அதன் முகத்தில் கொட்டுகிறார்கள். கண்ணாடி, வைப்பர், பஃபர் எனும் மோதல்தாங்கி, பெயர்ப் பலகை எல்லாம் பளிச்சென்று இருக்கும். கூரையைப் பார்த்தால், பெட்டியிலிருந்து எடுத்த அன்று இருந்தபடியே நாலு பிளாஸ்டிக் மொட்டுகளும், மேலே ஓடும் கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும் கையான பேன்டோகிராஃப் தடித்த ஒன்றும். எனக்கு இது புரிவதே இல்லை. நிஜ இன்ஜினை நாம் பிளாட்பாரத்திலிருந்து பார்க்கிறோம். கூரை கண்ணுக்குத் தெரியாது. மாடலோ மேசை உயரத்தில் ஓடுகிறது. முதலில் தெரிவதே கூரைதான். அதுவும் டீசல் இன்ஜின் என்றால் போகட்டும். மின்சார இன்ஜினின் உயிர்நாடி முழுவதும் அங்கேதான் வெட்டவெளியில் கிடக்கிறது.

நான் இங்கிலாந்தின் ரக்பி நகரில் வசிக்கும் எலக்ட்ரீஷியன். வீடுகளுக்கு வயரிங் செய்வது பிழைப்பு. ஒரு கம்பி எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று தெரியாமல் எனக்குக் கை ஓடாது. மாடல் வேலையிலும் அதே புத்திதான். இந்தக் குறிப்பும் அந்த வழியிலேயே போகும்.

முதல் இன்ஜினாக 86-ஆம் வகுப்பை எடுத்துக்கொள்ளச் சொல்வேன். லண்டனின் யூஸ்டன் நிலையத்திலிருந்து மான்செஸ்டருக்கும் லிவர்பூலுக்கும் 25 கிலோவோல்ட் மின்பாதை தயாரானபோது, 1965-66இல் மொத்தம் நூறு இன்ஜின்கள் கட்டப்பட்டன. ஒரு பகுதி நியூட்டன்-லெ-வில்லோஸில் இருந்த வல்கன் ஃபவுண்டரியில், மறு பகுதி பிரிட்டிஷ் ரயில்வேயின் டான்காஸ்டர் பணிமனையில். அப்போதைய பெயர் ஏஎல்6. எண்கள் இ3101 முதல் இ3200 வரை. ஓஓ அளவில் (நிஜத்தின் ஓர் அடிக்கு மாடலில் 4 மி.மீ.) ஹார்ன்பி நிறுவனத்தின் பழைய 86, பொம்மைக் கண்காட்சிகளிலும் பழைய பொருள் மேசைகளிலும் மலிவாகவே கிடைக்கிறது. அறுத்துப் பழக அதைவிட நல்ல உடல் கிடையாது. புதிதாக விலை கொடுத்து வாங்கிய மாடலில் யாருக்கும் ரம்பம் வைக்க மனம் வராது.

வேலையைத் தொடங்கும் முன் ஓர் எண்ணையும் ஓர் ஆண்டையும் முடிவு செய்துகொள்ளுங்கள். 86 என்பது ஒரே இன்ஜின் அல்ல. தொடக்கத்தில் மோட்டார்கள் சக்கர அச்சிலேயே தொங்கிக்கொண்டிருந்ததால் பாதையை அடித்து நொறுக்கின. அதற்குப் பரிகாரமாகப் பல இன்ஜின்களுக்கு ஃப்ளெக்சிகாயில் சுருள்வில்கள் பொருத்தினார்கள். அவைதான் 86/2. போகியின் (சக்கரங்களைத் தாங்கும் சட்டத்தின்) நடுவில் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் அந்தப் பெரிய சுருள்வில்கள் இல்லாமல் 86/2 எண்ணை ஒட்டினால் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். முகத்திலும் இதே கதை. எண்ணும் எழுத்துமாக நான்கு இடங்கள் கொண்ட ரயில் குறியீட்டை முகத்தில் ஒரு பெட்டியில் காட்டும் வழக்கம் 1976 தொடக்கத்தில் நின்றது. பிறகு அந்தப் பெட்டியைத் தகடு வைத்து மூடி இரண்டு சிறு விளக்குகளைப் பொருத்தினார்கள். பெரிய முகப்பு விளக்கு, முகத்தில் தொங்கும் இணைப்பு கேபிள்கள், புது வகைப் பேன்டோகிராஃப் ஆகியவை எல்லாம் 1980களின் சமாச்சாரம். எனக்குப் பிடித்த காலம் 1979 வாக்கு: நீல உடல், முழு மஞ்சள் முகம், மூடிய குறியீட்டுப் பெட்டி, வேறு எந்தத் தொங்கட்டானும் இல்லாத சுத்தமான முகம். இனி சொல்வதெல்லாம் அப்படிப்பட்ட ஒரு 86/2-க்கு.

புகைப்படங்கள் இரண்டு பக்கத்துக்கும் வேண்டும். இந்த இன்ஜினின் இடமும் வலமும் ஒன்றல்ல. ஒரு பக்கம் காற்றுக் கிராதிகள் நிறைந்தது. மறுபக்கம் உள்ளே இருக்கும் நடைவழிக்கு வெளிச்சம் தரும் ஜன்னல்கள். கூரைக்குப் பாலத்தின் மேலிருந்து எடுத்த படங்கள்தான் கதி. பழைய படங்கள் நிறைய இருக்கின்றன, தேடினால் கிடைக்கும். நீங்களே எடுக்கப் போனால் ஒன்று சொல்லிவிடுகிறேன்: பாலத்தின் கைப்பிடிச் சுவருக்கு வெளியே கேமராவைக் கோலில் கட்டி நீட்டாதீர்கள். 25 கிலோவோல்ட் கம்பியைத் தொடவே வேண்டாம், நெருங்கினாலே பாயும். ஒதுங்கி நிற்கச் சொல்லி இங்கே கற்பிக்கும் தூரம் 2.75 மீட்டர். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. இந்திய ரயில்வேயும் 1957இல் இதே 25 கிலோவோல்ட் முறையைத்தான் ஏற்றது. சென்னை எழும்பூரின் நடைமேம்பாலத்தில் நின்று எந்த மின்சார இன்ஜினின் கூரையைப் பார்த்தாலும் நான் கீழே சொல்லும் உறுப்புகள் எல்லாம் வேறு வரிசையில் தென்படும்.

மேற்கூட்டைக் கழற்றியதும் அளந்து பாருங்கள். நிஜ இன்ஜின் 58 அடி 6 அங்குலம். அடிக்கு 4 மி.மீ. என்ற ஓஓ கணக்கில் 234 மி.மீ. வர வேண்டும். உடலோடு சேர்த்தே வார்க்கப்பட்ட கைப்பிடிகளைக் கூரிய உளிக்கத்தியால் சீவி, நீரில் நனைத்த உப்புத்தாளால் தேயுங்கள். தேய்ப்பதற்கு முன் கைப்பிடியின் இரு முனைகளிலும் ஊசியால் ஒரு புள்ளி குத்திவிடுங்கள். பிறகு துளை போட வேண்டிய இடத்தைத் தேடி அலைய வேண்டாம். எண்களையும் சின்னத்தையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் மெல்லத் துடைத்தால் போய்விடும். மோட்டாரைப் பற்றி நீட்டி எழுத எனக்கு ஆர்வமில்லை. அதில் வரும் பழைய ரிங்ஃபீல்ட் வகை மோட்டாரைக் கழுவி எண்ணெய் விட்டால் இரைச்சலோடு ஓடும். அது பிடிக்காதவர்கள் சிடி பிளேயர் மோட்டாரை, வரிசையில் ஒரு மின்தடையோடு, அதே இடத்தில் பொருத்துகிறார்கள். சக்கரங்களை மட்டும் கட்டாயம் மாற்றுங்கள். பழைய சக்கரங்களின் விளிம்பு இன்றைய தண்டவாளத்துக்கு ஆழம் அதிகம்.

இனி கூரை. அங்கே இருக்கும் எல்லா மொட்டுகளையும் அறுத்து எறிந்துவிட்டு, மேலே இருக்கும் கம்பியிலிருந்து மின்சாரம் எப்படி இறங்குகிறது என்று யோசியுங்கள். பேன்டோகிராஃபின் தலையில் இருக்கும் கரிப் பட்டை கம்பியை உரசுகிறது. அங்கிருந்து கைகள் வழியே அடிச்சட்டத்துக்கு. அப்படியென்றால் அடிச்சட்டம் முழுவதும் 25 கிலோவோல்ட். அது கூரையைத் தொடக் கூடாது. ஆகவே அதன் கால்கள் இன்சுலேட்டர்களின் மேல் நிற்கின்றன. பேன்டோகிராஃபைத் தூக்குவது அழுத்தக் காற்று. கூரையிலிருந்து சட்டத்துக்கு ஒரு காற்றுக்குழாய் போகிறது, அதுவும் மின்சாரம் கடத்தாத குழாயாகத்தான் இருக்க முடியும். சட்டத்திலிருந்து வளையும் ஒரு பின்னல் கம்பி, பிறகு இன்சுலேட்டர்களின் தலையில் ஓடும் பஸ்பார் எனும் மின்கடத்திக் கம்பி, அடுத்து சர்க்யூட் பிரேக்கர், கடைசியில் டிரான்ஸ்ஃபார்மருக்கு இறங்கும் பீங்கான் கழுத்து. அதற்கப்பால் கம்பி உள்ளே போய்விடுகிறது. நமக்கு வேலை இல்லை. இந்த வரிசை மனதில் இருந்தால் எந்தத் துண்டை எதோடு சேர்ப்பது, எதற்கு இடையில் இடைவெளி விடுவது என்று படத்தில் தெளிவில்லாத இடத்திலும் தடுமாற மாட்டீர்கள். பஸ்பார் நேராகக் கூரைத் தகட்டில் போய் முட்டும் மாடல்களை நான் பார்த்திருக்கிறேன். நிஜத்தில் அப்படி இருந்தால் முதல் நொடியிலேயே துணைமின் நிலையத்தில் டிரிப் ஆகிவிடும்.

பேன்டோகிராஃப் 1979-க்கு ஸ்டோன்-ஃபேவலி வகை, ஒற்றைக் கை. ஜெர்மனியின் சொமெர்ஃபெல்ட் போன்றவர்கள் ஆயத்தமாக விற்கும் உலோக பேன்டோகிராஃப்களிலிருந்து நெருக்கமானதைத் தேர்ந்தெடுக்கலாம். பொறுமை இருந்தால் அமிலத்தில் அரித்த பித்தளைத் தகட்டுப் பொதி வாங்கிப் பற்றவைக்கலாம். பித்தளை என்றால் பசை வேண்டாம், ஈயமே வையுங்கள். அசையும் மூட்டுகளில் பசை ஒரு நாள் கைவிட்டுவிடும். மூட்டுக்குள் ஈயம் ஓடாமல் இருக்க, பற்றவைக்கும் முன் ஊசிமுனையால் ஒரு துளி எண்ணெய் தொட்டுவையுங்கள்.

இன்சுலேட்டரைக் கடையில் வாங்கலாம், ஆனால் செய்வதில் ருசி உண்டு. 2 மி.மீ. கனமுள்ள பிளாஸ்டிக் குச்சியைச் சிறு மின்டிரில்லில் மாட்டி, எவ்வளவு மெதுவாகச் சுழல விட முடியுமோ அவ்வளவு மெதுவாக விடுங்கள். நுண்பல் ரம்பத்தின் விளிம்பை அதன் மேல் சும்மா வைத்தால் போதும், அழுத்தக் கூடாது. கால் மி.மீ. ஆழத்துக்கு ஒரு வளையம் விழும். ரம்பத்தை எடுத்து, அதே அளவு தள்ளி அடுத்தது. வேகம் கூடினால் பிளாஸ்டிக் உருகி இழைஇழையாகச் சுற்றிக்கொள்ளும், வளையம் மழுங்கிவிடும். நாலைந்து வளையம் போட்டதும் மெல்லிய உப்புத்தாளின் மடிப்பை ஒரு கணம் காட்டினால் விளிம்புகள் பீங்கான்போல் உருண்டுவிடும். தேவைக்கு மேல் இரண்டு மூன்று செய்து, ஒரே மாதிரி அமைந்தவற்றைப் பொறுக்கிக்கொள்ளுங்கள். உள்ளே அரை மி.மீ. துளை போட்டு ஒரு கம்பியைச் செருகினால், அதுவே கூரையில் இறங்கும் காலாகவும் ஆகிவிடும். வெறும் பசையில் நிற்கும் இன்சுலேட்டர் கைபட்டால் போய்விடும்.

பஸ்பாருக்கு அரை மி.மீ. கம்பி சரியாக இருக்கும். நிஜ அளவில் அது 38 மி.மீ. சுருளிலிருந்து எடுத்த கம்பியை வெறும் கையால் நேராக்க முடியாது. ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து, எஃகு ஸ்கேலால் அழுத்தி உருட்டுங்கள். பேன்டோகிராஃப் சட்டத்தையும் பஸ்பாரையும் இணைக்கும் பின்னலுக்கு என் கைப்பையிலேயே சரக்கு இருக்கிறது: மேசை விளக்குக்குப் போகும் 0.75 சதுர மி.மீ. வயரைச் சீவினால் உள்ளே 0.2 மி.மீ. இழைகள் இருபத்துநான்கு. மூன்றை எடுத்துத் தலைமுடிபோல் பின்னி, சற்றே தொய்வாக விட்டுப் பற்றவையுங்கள். விறைப்பாக நிற்கக் கூடாது.

சர்க்யூட் பிரேக்கர் அந்தக் காலத்து காற்றூதி வகை. பிரியும் முனைகளுக்கிடையே எழும் மின்பொறியை அழுத்தக் காற்று ஊதி அணைக்கும். பீங்கான் உருளைகளும் உலோக மூடிகளுமாக அது படுத்துக் கிடக்கும். படத்தைப் பார்த்து அதே 2 மி.மீ. குச்சியிலிருந்தே செய்துவிடலாம்.

நிறம் பூசும்போது ஒரு விதிதான். கூரையை முதலில் தனியாகப் பூசி முடியுங்கள், இன்சுலேட்டர்களைத் தனியாகப் பூசுங்கள், கடைசியில் சேருங்கள். சேர்த்துவிட்டுத் தூரிகையால் ஒவ்வொரு வளையத்துக்கும் நிறம் தீட்டப் போனால் கூரை நாசமாகும். இன்சுலேட்டருக்கு மட்டும் பளபளப்பு வார்னிஷ். பீங்கான் மங்கிய பொருள் அல்ல. மற்றவை எல்லாம் மங்கலாகவே இருக்கட்டும். கரிப் பட்டையின் மேற்புறம் அடர்சாம்பல். பேன்டோகிராஃபின் கீழே கூரைத் தகட்டில் கரித்தூளும் பிரேக் தூளும் கலந்த பழுப்புக் கறுப்பை ஏர்பிரஷ்ஷால் இரண்டு மூச்சு விட்டால் போதும்.

உடலுக்கு வருவோம். சாம்பல் பிரைமருக்கு மேல் நேராக மஞ்சளை அடித்தால் அழுக்குப் பச்சையாகத் தெரியும். முகத்துக்கு மட்டும் ஒரு வெள்ளைப் பூச்சு கொடுத்து, அதன் மேல் மஞ்சள். நன்றாகக் காய்ந்த பிறகு மாஸ்கிங் டேப் ஒட்டி நீலம். டேப்பின் விளிம்பில் முதலில் மஞ்சளையே இன்னொரு தரம் லேசாக அடித்துவிட்டால், கசிவதெல்லாம் மஞ்சளாகவே கசியும். நீலத்தின் கோடு கத்திபோல் விழும். ரயில்மேட்ச், ஃபீனிக்ஸ் இரண்டிலும் ரயில்வே நீலம் கிடைக்கிறது. கைப்பிடிகளுக்கு 0.33 மி.மீ. பித்தளைக் கம்பி, துளை 0.35. கண்ணாடிக்கு சூப்பர் க்ளூ ஆகாது, புகைபடிந்தாற்போல் வெளுத்துவிடும். வெள்ளைப் பசையே போதும். பஃபருக்குக் கீழே பிரேக் காற்றுக்குழாயின் முனை சிவப்பு, மெயின் ரிசர்வாயர் எனும் முதன்மைக் காற்றுத்தொட்டியின் குழாய்க்கு மஞ்சள். பெட்டிகளை இழுக்கும் முனையில் மாடல் கொக்கி தேவை. அங்கே எல்லாக் குழாய்களையும் தொங்கவிட்டால் வளைவில் இடிக்கும். மறுமுனையில் மட்டும் முழு அலங்காரம் செய்யுங்கள். பெயர்ப் பலகை ஒட்ட ஆசைப்பட்டால், அவை 86-க்கு வரத் தொடங்கியது 1970களின் கடைசியில்தான் என்பதையும், நீங்கள் எடுத்த எண்ணுக்கு எந்த ஆண்டு வந்தது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எண்களும் சின்னமும் கொண்ட டீக்கால் ஒட்டுப்படங்களை ஒட்டும் முன் பளபளப்பு வார்னிஷ், ஒட்டிய பின் அரைப் பளபளப்பான சாட்டின். பிறகு அழுக்கு. எக்ஸ்பிரஸ் இன்ஜின்கள் கழுவும் நிலையத்தின் தூரிகைகளுக்கு நடுவே அடிக்கடி போய்வருபவை. பக்கங்கள் சுத்தமாகவே இருக்கும். தூரிகை எட்டாத கூரை ஓரத்திலும் கிராதிகளின் உள்ளேயும் மட்டும் அழுக்கு தங்கும். போகிகளுக்கு பிரேக் தூளின் துருப் பழுப்பு. உடல் முழுவதையும் ஒரே சீராகப் புழுதியாக்குவது இப்போது ஒரு மோகமாகிவிட்டது. 86-க்கு அது பொருந்தாது.

மேலே மின்கம்பி அமைத்த பாதையில் ஓட்டப் போகிறீர்கள் என்றால், பிரிட்டனில் அதன் வழக்கமான உயரம் 4.7 மீட்டர். தண்டவாளத்தின் தலையிலிருந்து 62 மி.மீ. கணக்கு. கம்பி நேர்பாதையிலும் நடுக்கோட்டில் ஓடாது, கரிப் பட்டை ஒரே இடத்தில் தேயாமல் இருக்க இடமும் வலமுமாக 230 மி.மீ. வரை விலகி வளைந்து வளைந்து போகும். மாடலில் அது 3 மி.மீ. பேன்டோகிராஃபின் ஸ்பிரிங்கை மெலிதாக்குங்கள். கடையில் வரும் ஸ்பிரிங் மெல்லிய கம்பியைத் தூக்கிவிடும். மின்கம்பி இல்லாத அலமாரியில் வைப்பதாக இருந்தால் பேன்டோகிராஃபை மடக்கியே வையுங்கள். வானத்தை உரசிக்கொண்டு நிற்கும் பேன்டோகிராஃபை எனக்குச் சகிக்காது.

எடுத்துச் செல்லும் பெட்டியில் கூரைக்கு மேலுள்ள நுரைப் பஞ்சை அறுத்து ஒரு பள்ளம் விடுங்கள். இன்ஜினைத் தூக்கும்போது பக்கவாட்டில் அல்ல, இரு முனைகளிலும் பஃபருக்குக் கீழே விரல் கொடுத்துத் தூக்குங்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் கை வைப்பது பேன்டோகிராஃபில்தான். உதிரியாக இன்னொரு தலையை வாங்கி வைத்திருப்பது உத்தமம்.