"குடிச்சிருந்தார்"னு ஒரு வரி எழுதிட்டா நஷ்டஈடு போயிடுமா? வண்டி கேஸ், வேலையிட விபத்து ரெண்டுக்கும் செய்ய வேண்டியது

லாரி ஓட்டுறவங்க, டெலிவரி பசங்க, மில்லுல நைட் ஷிஃப்ட் பாக்குறவங்க வீட்டுல இருந்து ஒரே மாதிரி கேள்விதான் வருது, குடிச்சிட்டு ஓட்டி மாட்டுனா என்ன ஆகும், வேலைல அடிபட்டா கம்பெனி காசு தருமா. இந்த ரெண்டும் சேர்ற இடத்துலதான் குடும்பங்க அதிகமா ஏமாறுது. அடிபட்டவர் அன்னைக்கு தண்ணி போட்டிருந்தார்னு சூப்பர்வைசர் சொன்னதும் வீட்டுல எல்லாரும் தலைய குனிஞ்சுட்டு திரும்பி வந்துடுறாங்க, சட்டம் அப்படி சொல்லவே இல்ல.

முதல்ல வண்டி கேஸ். மோட்டார் வாகனச் சட்டம் 185வது பிரிவுல 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராமுக்கு மேல ஆல்கஹால் இருந்தாலே குற்றம், "ஒரு பீருதான் சார், நிதானமாத்தான் வந்தேன்"ங்குறது எடுபடாது. முதல் தடவை 10,000 ரூபா ஃபைன், இல்ல 6 மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும். மறுபடி மாட்டுனா 15,000 ரூபா, 2 வருஷம். ஹெல்மெட் கேஸ் மாதிரி ஸ்பாட்லயே கட்டி முடிக்குற குற்றம் இல்ல இது, கோர்ட்டுக்கு போகணும், அதனால ரோட்டுல யாராவது இவ்ளோ குடுத்தா முடிச்சிடலாம்னு சொன்னா குடுக்காதீங்க. லைசென்ஸையும் வாங்கி ஆர்டிஓவுக்கு அனுப்புவாங்க, வழக்கமா 3 மாசமாவது சஸ்பெண்ட் ஆகும், ஓட்டித்தான் சாப்பாடுங்குறவங்களுக்கு ஃபைனை விட இதுதான் பெரிய அடி.

போலீஸ் நீட்டுற ஆல்கஹால் அளவு பாக்குற மெஷின்ல ஊத மாட்டேன்னு மல்லுக்கட்டுறதுல பிரயோஜனம் இல்ல. மறுத்ததையே கோர்ட்ல உங்களுக்கு எதிரான சாட்சியமா எடுத்துக்க சட்டத்துல இடம் இருக்கு. புது மவுத்பீஸ் கேளுங்க, மெஷின் காட்டுன அளவ நீங்களும் பாருங்க, இருமல் மருந்து மாதிரி ஏதாவது குடிச்சிருந்து அளவு தப்புன்னு தோணுனா ஜிஹெச்ல ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொல்லி அங்கேயே கேளுங்க, மறுநாள் கேட்டு ஒண்ணும் ஆகாது. அரெஸ்ட் பண்ணாங்கன்னா 2 மணி நேரத்துக்குள்ள டாக்டர்கிட்ட காட்டணும், காட்டலன்னா கஸ்டடில வச்சிருக்கக் கூடாது, ஆனா அதனால கேஸே போயிடும்னு நினைக்காதீங்க. கூட வந்தவர் மேலயும் குற்றத்துக்கு துணை போனதா 188வது பிரிவுல கேஸ் வரலாம், சென்னை டிராஃபிக் போலீஸ் 2022ல இருந்து இத பயன்படுத்துறாங்க. விபத்து ஆகி யாராவது செத்துட்டா அது வேற லெவல் கிரிமினல் கேஸ், உடனே வக்கீல் பாருங்க. உங்க வண்டி சேதத்துக்கான இன்சூரன்ஸும் கிடைக்காம போகத்தான் வாய்ப்பு அதிகம்.

இப்ப வேலையிட விபத்து, இதுதான் முக்கியம். முதல்ல பாக்க வேண்டியது இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர்களுக்கான அரசு காப்பீடு, இருக்கான்னு. மாசம் 21,000 ரூபா வரைக்கும் சம்பளம் வாங்குறவங்களுக்கு இஎஸ்ஐ பிடிச்சிருந்தா வைத்தியம், லீவு காலத்துக்கு சம்பளத்துல 90 சதவீதம் எல்லாம் அங்கதான் கேக்கணும், கம்பெனி மேல தனியா இழப்பீட்டு கேஸ் போட முடியாது. இஎஸ்ஐ இல்லாதவங்களுக்குத்தான் 1923ல வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், 2025 நவம்பர் 21ல இருந்து அது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள்ள போயிடுச்சு, அடிப்படை மாறல. கம்பெனி மேல தப்பு இருக்குன்னு நிரூபிக்கத் தேவையில்ல, வேலை நேரத்துல வேலை சம்பந்தமா அடிபட்டிருந்தா போதும். வேலைக்கு போற வழி, திரும்பி வர்ற வழில நடக்குற விபத்தையும் வேலையோட தொடர்பு இருந்தா சேத்துக்கலாம்னு 2025 ஜூலைல சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிடுச்சு.

தொகை சின்னது இல்ல. 2020 ஜனவரி அறிவிப்புப்படி கணக்குக்கு எடுக்குற மாசச் சம்பளம் அதிகபட்சம் 15,000. இறந்துட்டா அதுல பாதிய வயசுக்கான காரணியால பெருக்கணும், 30 வயசுக்கு 207.98, ஆக 15,59,850 ரூபா. நிரந்தரமா முழு ஊனம்னா 60 சதவீதம், அதே வயசுக்கு 18,71,820. அதனாலதான் "இந்தா ஒரு லட்சம், இதுல கையெழுத்து போடு"ன்னு ஆஸ்பத்திரிக்கே வர்றாங்க. போடாதீங்க. உரிமைய விட்டுக் குடுக்குறேன்னு எழுதி வாங்குனா அது செல்லாது, ஆனா அத உடைக்க நீங்க வருஷக்கணக்கா அலையணும்.

சரி, குடி விஷயம். போதையில இருந்தாருங்குறது மட்டும் பத்தாது, அந்த போதையாலதான் நேரடியா அடிபட்டுச்சுன்னு முதலாளிதான் நிரூபிக்கணும். மேல இருந்து கம்பி விழுந்து அடிபட்டவர் குடிச்சிருந்தா என்ன, குடிக்கலன்னா என்ன, கம்பி விழத்தானே போகுது. அதுக்கும் மேல, உயிர் போயிட்டாலோ நிரந்தர முழு ஊனம் ஆயிட்டாலோ இந்த வாதமே கிடையாது, குடிச்சிருந்தாலும் இழப்பீடு குடுத்தே ஆகணும். மெஷினோட பாதுகாப்புத் தடுப்ப அவரே கழட்டிட்டார், சேஃப்டி ரூல மீறிட்டார்னு சொல்றதுக்கும் இதே விதிதான். நிறைய பேருக்கு இது தெரியாம போறத பாக்கும்போது மனசு ஆறமாட்டேங்குது.

அதனால முதல் நாள் பேப்பர்தான் எல்லாம். ஆஸ்பத்திரில ஏஆர் காப்பி, அதாவது விபத்துப் பதிவேட்டுக் குறிப்பு, எழுதும்போது கூட யார் இருக்காங்களோ அவங்க சொல்றதுதான் பதிவாகும், கம்பெனி ஆள் மட்டும் நின்னா "வீட்டுல விழுந்துட்டார்"னு கூட எழுதிடுவாங்க, சொந்தக்காரர் ஒருத்தர் கூட நின்னு எங்க, எத்தன மணிக்கு, எந்த மெஷின்லன்னு சொல்லுங்க. "மது வாசனை"ன்னு எழுதியிருந்தா ரத்தம் எடுத்தாங்களான்னு கேட்டு வைங்க, வாசனை மட்டும் அளவு ஆகாது. அட்டெண்டன்ஸ், சம்பளம் வந்த பேங்க் மெசேஜ், சூப்பர்வைசர் வாட்ஸ்அப், எதையும் அழிக்காதீங்க. கம்பெனிக்கு விபத்தைப் பத்தி எழுத்துல ரிஜிஸ்டர் போஸ்ட்ல அனுப்புங்க. கான்ட்ராக்ட் ஆளா இருந்தாலும் வேலை குடுத்த பெரிய கம்பெனிகிட்டயும் கேக்கலாம்.

மனு தொழிலாளர் துறை ஆபீஸ்ல, 2 வருஷத்துக்குள்ள. விபத்து வெளியூர்ல நடந்திருந்தாலும் நீங்க குடியிருக்குற ஊர்லயே போடலாம். டூட்டில இருந்த டிரைவர் மேல வேற வண்டி மோதியிருந்தா மோட்டார் விபத்து தீர்ப்பாயத்துக்கும் போகலாம், ஆனா ரெண்டுல ஒண்ணுதான், அங்க கெடு 6 மாசம், எதுல தொகை அதிகம் வரும்னு வக்கீல்கிட்ட கணக்கு போட்டுட்டு முடிவெடுங்க. வக்கீல் ஃபீஸுக்கு வழியில்லன்னா மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுல இலவசமா வக்கீல் தருவாங்க, ஜில்லா கோர்ட் வளாகத்துலயே விசாரிங்க, இல்ல 15100க்கு போன் போடுங்க.