திக்குவாய் இருந்த என் மகளும் யாத்திராகமம் 4-ஆம் அதிகாரமும்

வகுப்பில் வாசிக்கச் சொன்னாலே என் மகளுக்கு வார்த்தை திக்கும். பிள்ளைகள் சிரிப்பார்கள். அப்புறம் வீட்டுக்கு வந்து, "நான் எதுக்கும் லாயக்கில்ல" என்பாள். "நீ கெட்டிக்காரிதான்" என்று எத்தனை முறை சொன்னாலும் அது அவள் மனதில் ஒட்டவே இல்லை. பாராட்டைப் பிள்ளைகள் எளிதில் நம்புவதில்லை, அம்மா சொல்லும் பாராட்டை இன்னும் குறைவாகத்தான் நம்புவார்கள்.

குடும்ப ஜெபத்தில் ஒருநாள் பைபிளின் யாத்திராகமம் 4-ஆம் அதிகாரம் வாசித்தோம். இஸ்ரவேல் ஜனங்களை எகிப்திலிருந்து அழைத்துவரும்படி கர்த்தர் மோசேயை அழைக்கும் பகுதி அது. மோசே தன்னைத் "திக்குவாயும் மந்தநாவும் உள்ளவன்" என்று சொல்லும் இடம் வந்ததும் நிமிர்ந்து பார்த்தாள். "மோசேக்குமா?" என்றாள். ஆமாம், மோசேக்கும்தான். "மனுஷனுக்கு வாயை உண்டாக்கினவர் யார்?" என்று கர்த்தர் கேட்டதையும், மோசேக்காகப் பேச அவர் அண்ணன் ஆரோனைத் துணைக்குக் கொடுத்ததையும் அவளே திரும்பத் திரும்ப வாசித்தாள். மோசே சரளமாகப் பேசிய பிறகு அழைப்பு வரவில்லை, திக்கும்போதே வந்தது. அதை அவள் பிடித்துக்கொண்டாள்.

வசனம் மட்டும் போதும் என்று நான் விடவில்லை. பேச்சுப் பயிற்சிக்கும் அழைத்துப் போனேன், அதுவும் ஆண்டவர் தந்த ஆரோன்தான். வீட்டில் அவள் வாக்கியத்தை வேறு யாரும் முடித்துவைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். ஜெபத்தின் முடிவில் பைபிளின் துதிப்பாடல்களான சங்கீதங்களில் ஒன்றை அவள் தன் வேகத்திலேயே வாசிப்பாள், எல்லாரும் காத்திருப்போம்.

திக்கல் முழுதாகப் போகவில்லை. ஆனால் இந்த வருடம் ஞாயிறு பள்ளியில் வசனம் சொல்ல அவளே பெயர் கொடுத்திருக்கிறாள்.